பொன்முகலிக் கரையில் ஒரு பள்ளிப்படை

சித்தூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து நீவா ஆறு கூப்பிடு தொலைவில் ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதுவது பழக்கத்தால் வந்த பிழை. ஆண்டில் பெரும்பகுதி அது மணலாகவும் முட்புதராகவுமே கிடக்கும். 2008-ஆம் ஆண்டு, அன்னையார் மறைந்தபின், தில்லைத்தானத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வாழ வந்த தந்தையார், வந்த மறுநாள் விடியற்காலையிலேயே துண்டும் சொம்புமாக ஆற்றைத் தேடிப் புறப்பட்டார். அரைமணி நேரத்தில் உலர்ந்த துண்டோடு திரும்பி வந்து, "இதற்குப் பெயர் ஆறா?" என்று கேட்டார். காவிரிக் கரையில் பிறந்து, எழுபது ஆண்டுகள் காவிரியிலேயே நீராடியவர் அவர். திருவையாற்றுக்கு மேற்கே கால்நடைத் தொலைவில் உள்ள தில்லைத்தானத்தில், ஆறு வீட்டின் கொல்லைப்புறத்து உறவினரைப் போன்றது. அவர்க்கு நாங்கள் என்ன விடை கூறுவது? மாற்றல் ஆணையில் ஊரின் பெயர் இருக்குமே ஒழிய, ஆற்றில் நீர் உண்டா என்ற செய்தி இருப்பதில்லை. எங்களுள் ஒருவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஆணை வந்த இடத்தில் அடுப்பு மூட்டுவது எங்கள் வாழ்க்கை. இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர் பலர்க்கும் அதுவே வாழ்க்கையாக இருக்கும்.

தந்தையாரின் ஏக்கத்தைத் தணிக்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரை ஊர்களைத் தேடிப் போகத் தொடங்கினோம். வரலாறு கற்கப் போனோம் என்று கூறினால் அது பொய்யாகும். நீர் பார்க்கப் போனோம். வரலாறு தானாக வந்து வாய்த்தது.

இவ்விடத்தில் சித்தூரைப் பற்றி ஒரு சொல். சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், பழைய வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதன்பால் சென்றது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் காளத்தியும் ஆந்திரத்திலேயே நின்றன. எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருந்தார். தாம் பிறந்த வீட்டை விட்டு வேறு வீட்டில் குடியிருந்ததே இல்லையாம். ஆனால் சென்னை மாகாணம், ஆந்திர மாநிலம், ஆந்திரப் பிரதேசம் என மூன்று ஆட்சிகளில் குடியிருந்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார். எல்லை தாண்டி வந்த தமிழர் நாங்கள். எல்லை தாண்டிப் போன தமிழர் அவர். இருவரையும் ஒரே பெயரால் அழைப்பது சரியன்று என்பது எங்கள் எண்ணம்.

நீவா ஆறு தெற்கே சென்று பொன்னை என்ற பெயருடன் பாலாற்றில் கலக்கிறது. அவ்வழியில் தமிழக எல்லைக்குள் இருக்கும் மேற்பாடிக்குத்தான் முதலில் போனோம். அங்கும் மணல்தான். ஆயினும் அம்மணற்கரையில் இரண்டு கற்றளிகள் நிற்கின்றன. இரண்டும் முதலாம் இராசராசன் எடுத்தவை. அவற்றுள் ஒன்று, ஆற்றூர் என்னும் ஊரில் உயிர் நீத்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு அவன் எழுப்பிய பள்ளிப்படை. இறந்தோரின் எச்சத்தின்மேல் எழுப்பும் கோயிலைப் பள்ளிப்படை என்பது அக்கால வழக்கு. சோழர் கல்வெட்டுகள் தம் அரசர் இறந்தார் என்று கூறுவதில்லை. துஞ்சினார் என்றே கூறும். துஞ்சிய இடமே அவர்க்குப் பெயராகவும் ஆகிவிடும். அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சின தேவர். அவன் மகன் சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். தக்கோலப் போர்க்களத்தில் 949-இல் யானைமீதே மாண்ட இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சின தேவர். உயிரோடிருக்கையில் எத்தனை பட்டங்கள் பெற்றிருந்தாலும், இறுதியில் எங்கே கண் மூடினான் என்பதே ஊரார்க்கு நினைவில் நின்றது போலும்.

தக்கோலத்தில் சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் 959-இல் பாசறை அமைத்துத் தங்கிய இடமும் இதே மேற்பாடிதான். அவனுடைய கராட் செப்பேடுகள் இங்கிருந்தே வெளியிடப்பட்டன. பகைவன் பாளயம் இறங்கிய மண்ணில், அரை நூற்றாண்டு கழித்து இராசராசன் தன் பாட்டனுக்குக் கோயில் எழுப்பினான். அச்செய்தியைக் கேட்ட தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "பாட்டனைத் தஞ்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றவில்லையா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி எங்களுக்கு அன்று பெரிதாகப் படவில்லை.

காளத்திக்கு நாங்கள் முதன்முதல் சென்றது 2009-ஆம் ஆண்டு திசம்பரில். சித்தூரிலிருந்து பாகாலை வழியாகத் திருப்பதிக்கு இரயில். அங்கிருந்து காளத்திக்குப் பேருந்து. திருப்பதியைப் பற்றி இங்கே விரித்தெழுதவில்லை. அதை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மலைமேலும் அடிவாரத்திலும் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 966-ஆம் ஆண்டளவில் வெள்ளித் திருமேனி ஒன்று செய்தளித்த பல்லவ குலத்து அரசி சாமவையின் கொடையும் அவற்றுள் அடங்கும். தரிசன வரிசையில் நிற்பவர் கைபட்டு அவ்வெழுத்துகள் வழவழப்பாகிக் கிடக்கின்றன. படிப்பதற்கு நிற்க முடியாது; பின்னால் இருப்பவர் தள்ளுவார்.

சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றும் பொன்முகலி, திருச்சானூரை ஒட்டி வந்து, குடிமல்லத்தைக் கடந்து, காளத்தியை அடைந்து, பின்பு கிழக்கே கடலில் கலக்கிறது. தெலுங்கர் அதனைச் சுவர்ணமுகி என்பர். அதன் கரையிலுள்ள குடிமல்லத்துப் பரசுராமேசுவரம் தனிக் கட்டுரைக்கு உரியது. கிறித்து பிறப்பதற்கு முற்பட்டது என அறிஞர் பலர் கருதும் இலிங்கம் அங்கே இருக்கிறது. அதனைக் கோபிநாதராவ் 1911-இல் உலகுக்கு அறிவித்தார். பல்லவர், வாணர், சோழர் எழுத்துகள் சுவரெங்கும் உள்ளன. 1126-இல் விக்கிரம சோழன் காலத்தில் கோயில் புதுப்பிக்கப்பட்டது. அங்கே நாங்கள் போன நாளில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல். அரைமணி நேரம்கூட நிற்கவில்லை.

காளத்தியை அடைந்தபோது ஆற்றில் நீர் இருந்தது. கார்த்திகை மழையின் மிச்சம். முழங்காலளவு நீர், செம்பழுப்பு நிறத்தில், வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. காளத்தியில் இவ்வாறு வடக்கே திரும்பி, மேற்கு நோக்கிய கோயிலை உரசுவது போல ஓடுகிறது. ஒரு புறம் கண்ணப்பர் மலை. மறு புறம் மணற்பரப்பு. இடையே நெருக்கியடித்த ஊர். கிருட்டிணதேவராயர் 1516-இல் எடுத்த ஏழுநிலைக் கோபுரம் அன்று வானளாவி நின்றது. தந்தையார் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே நீரில் இறங்கினார். ஓராண்டுக்கும் மேலாக ஓடும் நீரில் காலை வைக்காத மனிதர்! இறங்கியவர், ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்து, விழுங்காமல் நின்றார்.

அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. ஏழு வயது மகளுக்கு விளங்கவில்லை. அவளுக்காகக் கரையில் அமர்ந்து கண்ணப்பர் கதையைக் கூறினார். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனார், ஒரு கையில் வில்லும் மறு கையில் இறைச்சியும் இருந்தமையால், திருமஞ்சனத்திற்கு இந்தப் பொன்முகலி நீரை வாயில் முகந்து சென்றதைச் சேக்கிழார் பாடியிருக்கிறார் அன்றோ? கதை முடிந்ததும் மகள் கேட்டாள்: "தாத்தா, கண்ணப்பர் தமிழரா, தெலுங்கரா?" பள்ளியில் அவளை அரவப் பெண் என்று சக மாணவியர் அழைத்து வந்த காலம் அது. கேள்வியின் வேர் அங்கே இருந்தது. தந்தையார் சற்றும் தயங்காமல், "வாயில்தான் தண்ணீர் இருந்ததே, அம்மா, எந்த மொழியில் பேசியிருப்பார்?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவ்விடை வெறும் நகைச்சுவையன்று. இராசம்பேட்டையை அடுத்த ஊட்டுக்கூரே கண்ணப்பரின் ஊர் என்று அப்பகுதித் தெலுங்கு மக்கள் உரிமையோடு கூறுவர். காளத்தியப்பர்மீது தெலுங்கில் சதகம் பாடிய தூர்ஜடி, கிருட்டிணதேவராயர் காலத்தவர். அவருடைய பாட்டு இன்றும் ஆந்திரப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தது. நம் நாயன்மார் மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். சம்பந்தர் காளத்தி வரை வந்து, இதற்கு அப்பால் வடக்கும் மேற்கும் தமிழ் வழங்காத நாடு என்பதால், கேதாரம் முதலிய தலங்களை இங்கிருந்தபடியே பாடியருளினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவ்வாறாயின், தமிழ் தன் பயணத்தை நிறுத்திக்கொண்ட கரை இது. அந்த மணலில்தான் நாங்கள் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம்.

உணவு முடிந்தபின் கரையோரமாக நடந்தோம். ஓரிடத்தில் கலம்காரித் தொழிலாளர் இருவர் நீண்ட துணியை ஓடும் நீரில் அலசிக்கொண்டிருந்தனர். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, மூங்கில் எழுதுகோலால் கையாலேயே கோடு வரைவது காளத்தி மரபு. கறுப்பு நிறத்திற்குப் பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர். சிவப்புக்குப் படிகாரம் முதலியன. ஒவ்வொரு நிறத்திற்குப் பின்னும் துணியை அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கரைந்த சாயம் மற்ற இடத்தில் படிந்துவிடும். ஆகவே ஓடும் நீரே தேவை. இக்கலை இந்த ஆற்றங்கரையில் வேரூன்றியதற்கு அதுவே காரணம். துணியில் தேரோட்டும் கண்ணனும் வில்லேந்திய பார்த்தனும். அதன் ஓரங்களில் தெலுங்கு எழுத்துகளில் கதை எழுதியிருந்தது. எங்கள் மகள் அவற்றை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். தொழிலாளருள் மூத்தவர் மகிழ்ந்து, "பாப்பா பாக சதிவிந்தி" என்று பாராட்டினார். தந்தையார்க்கு அதில் பெருமையும் இருந்தது, சிறு வருத்தமும் இருந்தது. அன்று மாலையே அவர் அவளைக் கோயிற் சுவரருகே நிறுத்திப் பழைய தமிழ் எழுத்துகளைக் காட்டத் தொடங்கினார்.

அப்பாடம் எளிதாக இல்லை. அவள் வீட்டில் கற்ற தமிழெழுத்தும் சுவரில் இருந்த எழுத்தும் அக்காள் தங்கை போலவும் இருந்தன, அயலார் போலவும் இருந்தன. "க", "ட", "ப" தெரிந்தன. பின்பு, "தாத்தா, இவர்களுக்குப் புள்ளி வைக்கத் தெரியவில்லை, எல்லாம் பிழை" என்றாள். கல்லில் எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. படிப்பவரே இட்டுக்கொள்ள வேண்டும். அதை அவளுக்கு விளக்குவதற்குள் சுவாமி புறப்பாட்டு மேளம் கேட்டுவிட்டது.

கோப்புகளைப் புரட்டியே பழகிய கண்ணுக்குக் கல்வெட்டுகள் அயலானவை அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அரசனின் பெயர், ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடுத்தவர், பெற்றவர், கொடுத்த பொருள், நான்கெல்லை, சாட்சி, இறுதியில் எழுதியவன் கையெழுத்து. ஒரு நந்தா விளக்குக்குப் பொதுவாக 96 ஆடுகள், சில இடங்களில் 90. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பர். ஆடுகள் சாகும், கிழடாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையாதபடி இடையர் குட்டிகளால் ஈடுசெய்து, நாள்தோறும் நெய் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருப்புப் பதிவேடு இவ்வளவு திருத்தமாக இருந்திருக்கிறது! எங்கள் அலுவலகத்து இருப்புப் பதிவேட்டை நினைத்து வெட்கினோம்.

காளத்திக் கோயிலில் சோழர்க்குப் பின் யாதவராயர், விசயநகரத்தார் எனப் பலர் கைபட்டிருக்கிறது. 1912-இல் திருப்பணி செய்தவர் தேவகோட்டை நகரத்தார். எங்கோ செட்டிநாட்டிலிருந்து வந்து, கல் சுமந்து, கணக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அவர்களும் வெளியூர்க்காரர்களே.

அடுத்த ஆண்டு, 2010 மே 26-ஆம் நாள் இரவு, அந்த ஏழுநிலைக் கோபுரம் இடிந்து வீழ்ந்தது. விரிசல் கண்டு முன்னரே மக்களை அப்புறப்படுத்தியிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்டபோது தந்தையார் சொன்ன சொல் எங்களை வருத்தியது: "அன்று நான் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லையே." ஐந்நூறு ஆண்டுகள் நின்றது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் திரும்பிய ஆறு திங்களுக்குள் போய்விட்டது. புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்கு நடந்தபின் மீண்டும் சென்றோம். இம்முறை அவர் நெடுநேரம் நிமிர்ந்து பார்த்தார். கழுத்து வலிக்கிறது என்று நாங்கள் சொல்லும் வரை பார்த்தார்.

அப்பயணத்தில்தான் தொண்டைமானாடு சென்றோம். காளத்தியிலிருந்து சில கி.மீ. தொலைவில், அதே பொன்முகலியை அடுத்த சிற்றூர். ஆட்டோ ஓட்டுநர்க்கு அவ்வூர்ப் பெருமாள் கோயில் தெரிந்தது. திருமலைக் கதைகளில் வரும் தொண்டைமான் சக்கரவர்த்தியின் ஊர் என்று அவ்வூரைப் பற்றிச் சொன்னார். நாங்கள் தேடியது வேறொன்று. கல்வெட்டுகளில் தொண்டைமானாற்றூர் என்று வழங்குவது இவ்வூரே. முதலாம் ஆதித்த சோழன் இங்கேதான் துஞ்சினான். ஏறத்தாழ 907-ஆம் ஆண்டு. தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார் என்று பிற்காலம் அவனைக் குறித்தது. அவன் மகன் முதலாம் பராந்தகன் தந்தைக்கு இங்கே பள்ளிப்படை எடுத்தான். ஆதித்தனுக்குக் கோதண்டராமன் என்ற விருதுப்பெயர் இருந்தமையால் அது கோதண்டராமேசுவரம். ஆதித்தேசுவரம் என்றும் பெயர். இராசராசன் மேற்பாடியில் செய்ததற்கு நூறாண்டு முற்பட்ட செயல்.

ஆதித்தன் யார்? பல்லவன் அபராசிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழ நாட்டோடு சேர்த்தவன். சோழப் பேரரசின் கால்கோள் அவனுடையது. சுந்தர சோழன் தன் அமைச்சர் அநிருத்தர்க்கு அளித்த அன்பில் செப்பேடுகள் (பொன்னியின் செல்வன் படித்தோர் அநிருத்தரை அறிவர்) இவனைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றன. குடகு மலையிலிருந்து கடல் வரை, காவிரியின் இரு கரைகளிலும் சிவபெருமானுக்குக் கற்றளிகளை வரிசையாக எடுத்தவன் இவன் என்பதே அது. காவிரிக்கு இத்தனை செய்த அரசனின் சாம்பல் காவிரிக்குப் போகவில்லை. எங்கோ வடக்கே, பொன்முகலிக் கரையில் தங்கிவிட்டது.

கோயில் சிறியது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்ட கண்ணுக்கு இது ஒரு மண்டபம் போலத் தோன்றும். அன்று அங்கே எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. தந்தையார் சுவரில் கையை வைத்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்று வந்தார். பிறகு அவர் கூறியது எங்களுக்குப் புதிய செய்தி. அவர் பிறந்த தில்லைத்தானத்து நெய்யாடியப்பர் கோயிற் சுவரிலும் ஆதித்தன் காலத்து எழுத்து இருக்கிறது. அதில் அவன் தொண்டை நாட்டில் பரவிய சோழன் எனப்படுகிறான். அவனும் சேரமான் தாணு இரவியும் சேர்ந்து விக்கி அண்ணன் என்னும் தலைவனுக்குச் சிறப்புகள் செய்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. தந்தையார் சிறுவனாக இருந்தபோது அச்சுவரில் சாய்ந்து பந்தாடியிருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஓய்வு பெற்றபின் நூலகத்தில் படித்தே தெரிந்ததாம்.

"எங்கள் ஊர்ச் சுவரில் இவன் வடக்கே பரவிய செய்தி இருக்கிறது. வந்து சேர்ந்த செய்தி இங்கே இருக்கிறது. இரண்டையும் பார்த்தாயிற்று" என்றார்.

பதினைந்து வயது நிரம்பும் நிலையில் இருந்த மகள், "இங்கிருந்து காவிரி எவ்வளவு தூரம், தாத்தா?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நடை. மன்னனுக்கு அது ஒரு தூரமா? படையே இருந்தது. கொண்டுபோக முடியாமல் இல்லை. மகன் இங்கேயே போதும் என்று முடிவு செய்தான்."

மேற்பாடியில் அவர் கேட்ட கேள்வி அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. எட்டாண்டுகளாக அதை அவர் மனத்தில் வைத்திருந்தார். ஆயினும் அன்று நாங்கள் வேறொன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். திரும்பும் வழியில் ஆற்றில் நீர் இல்லை. மணல் அள்ளிய குழிகளே இருந்தன.

2021 நவம்பரில் பொன்முகலி தன் பழைய கணக்கையெல்லாம் ஒருசேரத் தீர்த்துக்கொண்டது. திருமலை மலைத்தொடரில் பெய்த பெருமழை கபில தீர்த்தத்து அருவியில் காட்டாறாக இறங்கித் திருப்பதித் தெருக்களை மூழ்கடித்தது. திருச்சானூரருகே கரையோரத்து வீடொன்று அப்படியே ஆற்றில் சரிந்து விழுந்த காட்சியை நாடே கண்டது. ஆற்றின் இடம் என்று கல்லில் எழுதாவிட்டாலும் ஆறு மறப்பதில்லை. எங்கள் நீவாவும் அவ்வாண்டு கரை புரண்டது. அப்போது தந்தையார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். சாளரத்தைத் திறந்து வைக்கச் சொன்னார். இரவெல்லாம் நீரோசை கேட்டது. "இப்போது இதை ஆறு எனலாம்" என்றார்.

2022 மாசித் திங்களில் அவர் மறைந்தார். அகவை 84.

அன்று இரவே தஞ்சையிலிருந்து தமையனார் தொலைபேசியில் பேசினார். சாம்பல் காவிரிக்குத்தான் வரவேண்டும், திருவையாற்றுப் புசியமண்டபத் துறையில் கரைத்தால்தான் அப்பாவின் மனம் ஆறும் என்றார். அவர் கூற்றில் தவறில்லை. ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். ஊரிலேயே இருந்தவர் அவர். உரிமை அவர் பக்கம் என்று எண்ணித் தயங்கினோம். எங்கள் மகளோ, தாத்தா தொண்டைமானாட்டில் சொன்னது பெரியப்பாவுக்குத் தெரியாது அல்லவா என்றாள். அவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சோழ இளவரசன் செய்த முடிவை, துயரத்தில் இருக்கும் தமையனாரிடம் தொலைபேசியில் எடுத்துக்காட்டாகக் கூறலாமா? கூறினோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. "பாதி பாதியாகச் செய்யுங்கள்" என்றார் பின்பு.

பொன்முகலியில் அப்போது கணுக்காலளவு தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய மழையின் கொடை. சடங்கு செய்து வைத்தவர் தெலுங்கர். தந்தையார் பெயரைக் கேட்டார். பின்பு ஊரைக் கேட்டார். நாங்கள் தில்லைத்தானம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் "சித்தூர்" என்றாள். அவர் அதையே ஏற்று மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார். திருத்தவில்லை நாங்கள். பாதிச் சாம்பல் வடக்கு நோக்கிப் போயிற்று.

மறு பாதியைக் கலயத்தில் மூடித் தமையனாரிடம் சேர்ப்பித்தோம். ஒரு வாரம் கழித்து அவர் பேசினார். மேட்டூர் அணையைச் சனவரி 28-இல் அடைக்கும் வழக்கத்தால் மாசி மாதத்தில் காவிரித் துறையில் நீர் இல்லையாம். படித்துறையிலிருந்து வெகுதூரம் மணலில் நடந்து, ஓரிடத்தில் கையால் தோண்டி, ஊற்று சுரக்கும் வரை காத்திருந்து, அதில் கரைத்தாராம். தோண்டத் தோண்டச் சரிந்ததாம். அவர் பேரனும் உடன் தோண்டினானாம்.